மலையில் செய்த கைவேலையை இணையத்தில் எங்கே விற்பது?

குன்னூரில் கம்பளிச் சால்வை பின்னுபவர், கோத்தகிரியில் தேன்மெழுகில் மெழுகுவர்த்தி வார்க்கும் மகளிர் குழு, கூடலூர்ப் பக்கம் உண்ணிச்செடிக் கழியில் கூடையும் விளக்குக்கூடும் செய்யும் குடும்பம், கொடைக்கானலில் குரோஷே பின்னும் அக்கா தங்கை. ஊர் வேறு, பொருள் வேறு, ஆனால் என்னிடம் வரும் கேள்வி ஒன்றுதான். ஏப்ரல், மே சீசனில் ஓரளவு விற்கிறது, மழை தொடங்கியதும் கடைத்தெருவில் ஆள் இல்லை. ஆன்லைனில் போடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் போடுவதா, அமேசானில் போடுவதா, சொந்தமாக ஒரு தளம் தொடங்குவதா? இல்லை, ஏற்கெனவே நன்றாக விற்கும் ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பதா?

இந்த நான்கும் நல்ல வழிகள்தான். ஒருவருக்குச் சோறு போடும் வழி இன்னொருவருக்கு நஷ்டம் தரும். அது ஏன் என்று புரிந்துகொண்டால் தேர்வு எளிது.

## எதை வைத்து அளப்பது

கமிஷன் எத்தனை சதவீதம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பு கேட்க வேண்டியவை இருக்கின்றன.

கைவேலையில் கூடுதலாக வாங்கிவர முடியாத சரக்கு, செய்கிறவரின் நேரம். கம்பளி தீர்ந்தால் வாங்கலாம், மாலைப் பொழுது தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆகவே முதல் அளவுகோல் இது: செய்யும் நேரத்தோடு விற்கும் நேரத்தையும் கூட்டி, செலவு போக ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கையில் நிற்கிறது? படம் எடுப்பது, "அக்கா, இதே டிசைன் நீலத்தில் கிடைக்குமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது, பொதிவது, தபால் நிலையத்தில் வரிசையில் நிற்பது எல்லாம் விற்கும் நேரம்.

இரண்டாவது, வாங்கியவரின் எண் யாரிடம் இருக்கிறது? கைவேலையை ஒருமுறை வாங்கிப் பிடித்துப்போனவர் மறுபடி வாங்குவார், தங்கைக்கும் சொல்வார். அவரை நேரில் கூப்பிட முடியாவிட்டால் ஒவ்வொரு முறையும் புது ஆளைத் தேட வேண்டும்.

மூன்றாவது, உங்கள் பொருள் எவ்வளவு ஒரே மாதிரி வருகிறது? நூறு மெழுகுவர்த்திக்கு ஒரே படம் போதும். இயற்கைச் சாயமிட்ட சால்வைக்கு ஒவ்வொன்றுக்கும் தனிப் படம், தனி விவரம்.

நான்காவது மலை. சமவெளியில் எழுதப்பட்ட ஆலோசனைகளில் இது இருப்பதில்லை. கூரியர்காரர்கள் நிஜ எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அது கூடுதலாக இருந்தால் அதற்குக் காசு வாங்குவார்கள். 700 கிராம் எடையுள்ள உண்ணிச்செடிக் கூடையை 30 சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டியில் வைத்தால் 5.4 கிலோவுக்குக் கட்டணம். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று அளவுகளில் கூடை பின்னி ஒரே தொகுப்பாக விற்பவர்கள் இந்தச் செலவை மூன்றாகப் பங்கிட்டுவிடுகிறார்கள். எந்த வழியில் விற்றாலும் இதை முதலில் யோசியுங்கள்.

மழையும் உண்டு. கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளிலும் கொடைக்கானலிலும் வடகிழக்குப் பருவமழை. தீபாவளி ஆர்டர்கள் குவியும் அக்டோபர், நவம்பரில்தான் மேட்டுப்பாளையம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் மண் சரியும், மரம் விழும். பார்சல் தாமதமானால் ஒரு வழியில் வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார், இன்னொரு வழியில் உங்கள் கணக்குக்கே புள்ளி குறையும்.

## ஒரு கணக்கு

இரண்டு பொருளை எடுத்துக்கொள்வோம். எண்கள் மாதிரிக்குத்தான், உங்களுடையதைப் போட்டுப் பாருங்கள்.

சால்வை: விலை 1,800 ரூபாய், கம்பளி 400, பொதிய 40, பின்ன 15 மணி நேரம். மெழுகுவர்த்தி: விலை 250, மெழுகும் திரியும் 70, பொதிய 20, இருபது இருபதாக வார்ப்பதால் ஒன்றுக்குக் கால் மணி நேரம். கூரியர் காசை வாட்ஸ்அப்பிலும் சொந்தத் தளத்திலும் வாங்குபவரே தருகிறார். ஆன்லைன் சந்தையில் கமிஷன், அனுப்பும் செலவு, அவற்றின் மீதான வரி எல்லாம் சேர்ந்து சால்வைக்கு 450, மெழுகுவர்த்திக்கு 110 பிடிக்கிறார்கள். மொத்தக் கொள்முதல் பாதி விலைக்கு, பொதியும் வேலை அவர்களுடையது. சொந்தத் தளத்துக்கு ஆண்டுச் செலவு 12,000, அதோடு இணையத்தில் பணம் பெறும் கட்டணம் விலையில் 2.36 சதவீதம்.

விற்கும் நேரம்: வாட்ஸ்அப்பில் சால்வைக்கு 2 மணி, மெழுகுவர்த்திக்கு அரை மணி. சந்தையில் சால்வைக்கு அரை மணி, மெழுகுவர்த்திக்கு 10 நிமிடம். சொந்தத் தளத்தில் சால்வைக்கு 1 மணி, மெழுகுவர்த்திக்கு 10 நிமிடம்.

| வழி | சால்வை: மணிக்கு ரூபாய் | மெழுகுவர்த்தி: மணிக்கு ரூபாய் |
|---|---|---|
| வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் | 80 | 213 |
| ஆன்லைன் சந்தை | 59 | 120 |
| சொந்தத் தளம் | 70 (ஆண்டுக்கு 60 சால்வை) | 322 (ஆண்டுக்கு 600) |
| மொத்தக் கொள்முதல் | 33 | 220 |

கடைசி வரிசையைப் பாருங்கள். சால்வையைப் பாதி விலைக்குக் கொடுத்தால் மணிக்கு 33 ரூபாய், அது கூலியே இல்லை. அதே பாதி விலையில் மெழுகுவர்த்தி, வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவரிடமும் பேசி முழு விலைக்கு விற்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தருகிறது. உழைப்பு நிறைந்த பொருளை நேரே விற்க வேண்டும். சீக்கிரம் செய்து முடிக்கும் சிறு பொருளுக்கு இடைத்தரகர் எதிரி அல்ல. "பாதி விலைக்குக் கேட்கிறார்கள், அநியாயம்" என்று சொல்லும் முன் இந்த வகுத்தலைச் செய்யுங்கள்.

## வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். பொருள் பட்டியலைப் படம், விலையோடு அதிலேயே வைக்கலாம். யூபிஐ-யில் பணம் வந்தால் பிடித்தம் இல்லை. இன்ஸ்டாகிராம் புது ஆட்களைக் கொண்டுவரும், வாட்ஸ்அப் அவர்களைத் தக்கவைக்கும். மலைக்காரர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு: சீசனில் கடைக்கு வந்துபோன சுற்றுலாப் பயணிகள் ஏற்கெனவே உங்கள் கைவேலையைப் பார்த்தவர்கள். பில்லோடு ஒரு சிறு அட்டையில் எண்ணைக் கொடுத்து, "சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று அங்கேயே சொல்லிவிடுவது முக்கியம். பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நேரம். பத்துப் பேர் விலை கேட்டால் இருவர் வாங்குவது இயல்பு, மீதி எட்டுப் பேருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். அடுப்பில் மெழுகு உருகும்போது போன் அடித்துக்கொண்டே இருந்தால் வேலை கெடும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை என்று நேரம் வைத்து, அதை உங்கள் இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். விலையை மறைத்துவைத்து "டிஎம் பண்ணுங்க" என்று போடுவது எனக்குப் பிடிக்காது. நேரம் இரட்டிப்பாகும், வாங்க நினைத்தவரும் தயங்கிப் போய்விடுவார்.

பணம் அனுப்பியதாகப் போலி ஸ்கிரீன்ஷாட் காட்டிப் பொருளை வாங்கிக்கொள்ளும் ஏமாற்றும் நடக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பார்சலைக் கட்டுங்கள். இன்ஸ்டாகிராம் கணக்கு முடங்கினால் எல்லாம் போய்விடும் என்பதால், வாங்கியவர்களின் பெயர், எண், என்ன வாங்கினார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

தனியாக வேலை செய்பவருக்கும், துண்டுக்குத் துண்டு வேறுபடும் பொருளுக்கும் இதுவே முதல் வழி. தாமதத்தைச் சொல்லிச் சமாளிக்க முடிவதும் இங்கேதான். மண்சரிவுப் படத்தை அனுப்பி, "சாலை திறந்ததும் அனுப்புகிறேன்" என்றால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள்.

## பெரிய சந்தைகள்: அமேசான், ஃபிளிப்கார்ட், மீஷோ

கூட்டம் இங்கேதான் இருக்கிறது. கைவினைஞர்களுக்காக அமேசானில் காரிகர், ஃபிளிப்கார்ட்டில் சமர்த் என்று தனித் திட்டங்கள் உள்ளன, பதிவு செய்யவும் பட்டியலிடவும் உதவுகிறார்கள். முன்பின் தெரியாதவர்கூட நம்பி வாங்குவது அந்த மேடையின் பெயரால்.

ஆனால் அந்த மேடை ஒரே மாதிரிப் பொருளுக்காகக் கட்டப்பட்டது. அமேசானில் முதன்மைப் படம் வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். பார்கோடு எண் வேண்டும், இல்லாதவர்கள் விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களிடம் இருபது சால்வை இருபது நிறக்கலவையில் இருந்தால் இருபது பட்டியல். ஒன்று விற்றதும் அந்தப் பட்டியல் வீண்.

திரும்பி வரும் பார்சல்தான் பெரிய அடி. பார்சல் வாங்கும்போது பணம் கொடுக்கும் முறையில், கதவைத் திறக்காமலே திருப்பி அனுப்பப்படுபவை உண்டு. சால்வை சென்னைக்குப் போய்த் திரும்பி மலையேறி வருவதற்குள் மழைக்காலமாக இருந்தால் துணியில் ஈரம் ஏறிப் பூஞ்சை வாடை வந்துவிடும். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், காகிதப் பெட்டி, அதன்மேல் மெழுகுத்தாள் என்று கட்டுவது நல்லது. நீலகிரியில் பிளாஸ்டிக் தடை கடுமையாக இருப்பதால் காகிதத்திலேயே பொதியப் பழகுவது எப்படியும் தேவை.

சந்தையின் கூரியர் உங்கள் பின்கோடில் வந்து பார்சலை எடுப்பார்களா என்று பதிவு செய்யும் முன்பே பாருங்கள். ஊட்டி, குன்னூர் நகரத்துக்குள் கிடைப்பது மஞ்சூரிலோ பூம்பாறையிலோ கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வராத இடத்தில் நீங்களே அனுப்பும் முறைக்குப் போக வேண்டியிருக்கும், அப்போது தாமதப் பொறுப்பும் உங்களுடையது. இன்னொரு வழி, சமவெளியிலுள்ள அவர்களுடைய கிடங்கில் சரக்கை முன்கூட்டியே வைப்பது. மெழுகுவர்த்தி, சோப்புப் பெட்டி, மரக்கரண்டி போன்ற மீண்டும் மீண்டும் செய்யும் பொருளுக்கு இது மழைக்காலப் பிரச்சினையைத் தீர்க்கிறது. கிடங்கு வாடகை உண்டு, அந்த இடத்தை ஜிஎஸ்டி பதிவிலும் சேர்க்க வேண்டும்.

மீஷோ கமிஷன் வாங்குவதில்லை என்பதால் பலர் அங்கே போகிறார்கள். அங்கு வருகிறவர்கள் விலை பார்த்து வாங்குபவர்கள். 15 மணி நேரச் சால்வை அங்கே 400 ரூபாய் மெஷின் சால்வைக்குப் பக்கத்தில் நிற்கும். என் கருத்தில் கைவேலைக்கு அது இடமல்ல.

தோடர் பூவேலைக்கு இதே காரணத்தால் இன்னும் எச்சரிக்கையாக இருப்பேன். வெள்ளைப் பருத்தியில் இழைகளை எண்ணி எண்ணி, கறுப்பு, சிவப்பு நூலில் தோடர் பெண்கள் செய்யும் அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொதுச் சந்தையின் தேடலில் அது அச்சடித்த நகல்களோடு கலந்துவிடுகிறது. தோடர்கள் போர்த்தும் புத்குளி என்ற போர்வையின் பூவேலை எத்தனை நாள் உழைப்பு என்பதைச் சொல்ல அங்கே இடமே இல்லை. தோடர் அல்லாதவர்கள் செய்ததற்கு அந்தப் பெயரைப் போடுவது அறமும் அல்ல, 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி முறையும் அல்ல.

## எட்ஸி

எட்ஸி என்பது கைவேலைப் பொருளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க ஆன்லைன் சந்தை. அங்கே வெளிநாட்டு வாடிக்கையாளர் கைவேலைக்குத் தரும் விலை கவர்ச்சியானது. கட்டணங்களைக் கூட்டிப் பாருங்கள்: ஒரு பட்டியலுக்கு 4 மாதத்துக்கு 0.20 டாலர், விற்றால் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகையில் 6.5 சதவீதம், அவர்கள் வெளியில் கொடுத்த விளம்பரம் வழியாக வந்த ஆர்டர் என்றால் சிறு விற்பனையாளர்களுக்கு மேலும் 15 சதவீதம். மொத்தம் 40 டாலர் ஆர்டரில் 8.80 டாலர் போய்விடலாம், பணம் பெறும் கட்டணம் தனி. ஏற்றுமதிக்கு ஐஇசி என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வேண்டும். 800 டாலர் வரை இருந்த சுங்க விலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டதால் அங்கே வாங்குபவர் வரியும் கட்ட வேண்டியிருக்கிறது. எடை குறைந்த, விலை கூடிய, உடையாத பொருள் இருந்தால் மட்டும் போங்கள். மண்பாண்டத்துக்கு வேண்டாம்.

## சொந்தத் தளம்

இணையக் கடை அமைத்துத் தரும் ஷாப்பிஃபை போன்றவற்றில் மாத வாடகை, வூகாமர்ஸில் மென்பொருள் இலவசம் என்றாலும் ஹோஸ்டிங்கும் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) பராமரிப்பும் உங்கள் தலையில். பணம் வாங்கும் கேட்வே சுமார் 2 சதவீதமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எடுக்கும், 1,800 ரூபாயில் ஏறக்குறைய 42 ரூபாய். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள்படி முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பவர் பெயர் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அட்டவணையில் 322 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். தளம் வைத்ததால் மட்டும் ஆண்டுக்கு 600 பேர் வந்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு ஆர்டருக்கும் விளம்பரத்துக்கு 60 ரூபாய் ஆனால் அந்த 322, 178 ஆகிவிடும். சால்வைக்கோ வேறொரு தடை: 60 சால்வை என்றால் பின்னுவதற்கு மட்டும் 900 மணி நேரம். தனியாளாக, வீட்டு வேலைக்கு நடுவில், அதுவே ஓராண்டின் எல்லை. அந்த எல்லை வரை வாட்ஸ்அப்பே கூடுதலாகத் தருகிறது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே பெயரில் செய்தால் தளத்தின் செலவு பங்கிடப்படும், கணக்கு மாறும்.

தளம் பயன்படுவது உங்கள் பெயரைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு. பரிசுக்கு மொத்தமாக வாங்கும் நிறுவனங்களும் தளத்தைப் பார்த்துத்தான் நம்புகின்றன. பொருளின் பின்னணியை விரிவாகச் சொல்லவும் இதுவே இடம். கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருப்பதும், அந்த மலையில் ஆடு வளர்ப்பு எப்படி நடக்கிறது என்பதும் உள்ளூர்க் கம்பளியில் பின்னுபவருக்குச் சொல்லத்தக்க செய்தி. வாங்குபவர் அதைப் படித்துவிட்டு விலையைப் புரிந்துகொள்வார்.

தளத்துக்கு முன்னதாகவே கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்துவிடுங்கள். காசு இல்லை. மலைக்கு வந்தவர் போனில் தேடும்போது வழி காட்டும், ஊர் திரும்பியவர் எண்ணைக் கண்டுபிடிக்கவும் உதவும்.

## விற்பவரிடம் கொடுத்துவிடுவது

கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியில் உருவான லாஸ்ட் ஃபாரஸ்ட், மலைவாழ் மக்களின் தேன், தேன்மெழுகுப் பொருள்களைக் கடையிலும் இணையத்திலும் விற்கிறது. பழங்குடிகள் செய்தவற்றுக்கு மத்திய அரசின் டிரைஃபெட் நடத்தும் டிரைப்ஸ் இந்தியா இருக்கிறது. இவை தவிர பெருநகரங்களில் கைவினைப் பொருள் மட்டும் விற்கும் தனியார் தளங்கள் பல.

இங்கே கேட்க வேண்டியது, ரொக்கக் கொள்முதலா, விற்ற பிறகு பணமா என்பதுதான். விற்ற பிறகு என்றால் உங்கள் கம்பளிக் காசு மாதக்கணக்கில் அவர்கள் அலமாரியில் கிடக்கும். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்துவிட்டுக் கொடுங்கள். பதிவு பெற்ற குறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தனியார் நிறுவனங்களிடம் பேசும்போது இந்த ஒரு வரி நன்றாக வேலை செய்கிறது.

உங்கள் பெயர் பொருளில் இருக்குமா என்பதையும் கேளுங்கள். செய்தவர் பெயரும் ஊரும் அச்சிட்ட சிறு அட்டையை அனுமதிப்பவருக்கு விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம்.

## வரி: எந்த வழிக்கு எது

இது தேர்வையே மாற்றக்கூடியது என்பதால் தனியாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பதிவில்லாதவர்கள் ஆன்லைன் சந்தைகள் வழியாகவும் விற்க 2023 அக்டோபர் 1 முதல் அனுமதி உண்டு, ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும், மாநிலத்துக்குள் மட்டுமே விற்கலாம். பெங்களூரிலிருந்து ஆர்டர் வந்தால் எடுக்க முடியாது.

நேரடியாக வெளிமாநிலத்துக்கு அனுப்புவதில் கைவினைப் பொருளுக்குச் சலுகை இருக்கிறது. கைப்பூவேலை, சால்வை, மூங்கில் பொருள், மண்பாண்டம் என்று அறிவிக்கப்பட்ட பட்டியலில் உள்ளவற்றை 20 லட்சம் வரை பதிவின்றி அனுப்பலாம். பான் எண் வேண்டும், பார்சலின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் இ-வே பில் என்ற சீட்டு வேண்டும். இந்த இ-வே பில் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் செய்த சாக்லேட் கையால் செய்ததே ஆனாலும் இந்தச் சலுகையில் வராது. அதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை. சோப்பு அழகுசாதனப் பொருள் என்பதால் உரிமம் வேறு. உங்கள் பொருள் பட்டியலில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

## கேட்டவர்களுக்கு என் பதில்

குன்னூர்ச் சால்வைக்காரருக்கு: வாட்ஸ்அப் மட்டும். ஆர்டரை முன்பணத்தோடு எடுங்கள், மாதம் ஐந்துக்கு மேல் எடுக்காதீர்கள், விலையை 1,800-லிருந்து ஏற்றிப் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கும்போது விலை குறைவு என்றே அர்த்தம்.

கோத்தகிரிக் குழுவுக்கு: முக்கால் பங்கு மெழுகுவர்த்தியை மொத்தமாகக் கொடுங்கள், ரொக்கத்துக்கு மட்டும். மீதியை ஆறு ஆறாகப் பெட்டி போட்டு நேரே விற்றால் பேசும் நேரம் ஒன்றுக்கு ஐந்து நிமிடமாகிவிடும். ஆள் பலம் இருப்பதால் பின்னர் சந்தைக்கும் போகலாம்.

கூடலூர்க் குடும்பத்துக்கு: கூடையைக் கூரியரில் அனுப்புவதைக் குறையுங்கள். இன்ஸ்டாகிராமில் காட்டி, ஓட்டல்களிடமும் தங்கும் விடுதிகளிடமும் ஒரே வண்டியில் ஏற்றும் அளவுக்கு ஆர்டர் பிடியுங்கள். யானைகளுக்கான காட்டை ஆக்கிரமிக்கும் ஒரு செடியை வெட்டித்தான் இதைச் செய்கிறீர்கள் என்பதை ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுதுங்கள்.

கொடைக்கானல் அக்கா தங்கைக்கு: இப்போது வாட்ஸ்அப், கூகுள் மேப் இரண்டும் போதும். தீபாவளி ஆர்டரைச் செப்டம்பர் கடைசியோடு நிறுத்திவிடுங்கள், அந்தத் தேதியை ஜூலையிலேயே அறிவித்துவிடுங்கள். மார்ச் வந்ததும் நோட்டை எடுத்து, இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்றில் ஒருவர் திரும்பி வந்திருந்தால் தளத்துக்கான பெயரை வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பன்னிரண்டாயிரத்தை நல்ல நூலுக்குப் போடுங்கள்.